பாதரசம் ஏறாத குட்டி

அனுபவம் பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தால் நான் மாடுகளைப் பற்றித்தான் பேசுவேன். உதை வாங்கிய கதை, வயிற்றுக்குள் குறுக்கே திரும்பிக் கிடந்த கன்றைத் தோள்வரை கையை விட்டு எடுத்த கதை என்று சொன்னால், புதிதாக மாட்டு டாக்டர் வேலைக்கு வந்திருக்கும் நீங்களும் சிரிப்பீர்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். நாய்க்குட்டிக் கதையை மட்டும் உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. அதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

போன மாதம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். “மேடம், பத்து நாள் நாய்க்குட்டி. எடையே ஏறல, துவண்டு கிடக்கு. எவ்வளவு பால் குடுக்கலாம்?” என்று கேட்டாள். “வாய்க்குள்ள சுண்டுவிரல விட்டுப் பாத்தியா? சூடா இருக்கா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று வைத்தாளா, விரலை விட்டுப் பார்க்க ஓடினாளா, தெரியவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் எனக்கு வேலை. வருபவை மாடு, ஆடு, எப்போதாவது சண்டைக்கோழி. ஆனால் அது பொமரேனியன் பைத்தியம் பிடித்திருந்த காலம். மாதச் சம்பளக்காரர் வீட்டில் டிவி வந்து, ஃப்ரிட்ஜ் வந்து, அதற்கடுத்து வெள்ளையாகப் புசுபுசுவென்று ஒரு பொமரேனியன் வந்துவிடும். அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு நாள் காலை ஸ்கூட்டரில் என்னைக் கூப்பிட வந்தார்கள்.

மலையடிவாரத்தில் வீடு. கணவர் தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவர். மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பெயர் வேண்டாம், டீச்சர் என்றே சொல்கிறேன். அவர்கள் வீட்டுப் பொமரேனியன் ஒற்றைக் குட்டி போட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. குட்டி பிறந்ததிலிருந்தே சவலை. இரண்டு மூன்று நாளாகத் தாய் அதை மூக்கால் தள்ளிவிடுகிறதாம். நான் உள்ளே போனபோது தரையெல்லாம் ஈரம், வீடு முழுக்க மஞ்சளும் சாம்பிராணியும் மணத்தன. பதினோராம் நாள் தீட்டு கழிக்கிறோம் என்று வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். டீச்சர் ஒரு பூத்துவாலையில் சுற்றிய குட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. முனகக்கூட இல்லை.

தெர்மாமீட்டரை வைத்தேன். பாதரசம் ஏறவில்லை. எடுத்து உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் ஏறவில்லை. முந்தின வாரம் ஒரு எருமை உதைத்ததில் என் பை எகிறிப் போய் விழுந்திருந்தது. சனியன், இதுவும் போச்சா என்று அதைப் பெட்டியில் போட்டு மூடினேன். கருவி சரியாக இருக்கலாம், அது சொல்வதை நான்தான் கேட்கவில்லை என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அடுத்து நான் செய்தது ஒரு மாட்டு டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. துவண்டு கிடக்கும் கன்றைப் பார்த்தால் நம் கை தானாகச் சீம்பாலைத் தேடும். கல்லூரியில் அதைத்தானே மண்டையில் ஏற்றி அனுப்புகிறார்கள்? கன்று விழுந்ததும் பால் உள்ளே போக வேண்டும், போனால் எழுந்து நிற்கும். என் கண்ணுக்கு அந்தக் குட்டி ஒரு சின்னக் கன்றாகத்தான் தெரிந்தது. “பட்டினியில கிடக்கு, வேற ஒண்ணுமில்ல, பால் கொண்டாங்க” என்றேன். டீச்சர் வெதுவெதுப்பாகப் பால் கொண்டுவந்தார். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் குட்டியை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு, இங்க் ஃபில்லரால் பாலை விட்டேன். விழுங்கவில்லை. பிடிவாதம் செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் விட்டேன்.

மூக்கில் பால் குமிழி வந்தது. நான் அதைப் பார்த்தேன். டீச்சர் பார்க்கவில்லை, கணவரும் பார்க்கவில்லை. துவாலை ஓரத்தால் துடைத்துவிட்டேன். குட்டி வாயைத் திறந்து இரண்டு முறை மூச்சை இழுத்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அடங்கிவிட்டது.

டீச்சர் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. “காலைல தாய் நாய மஞ்சத் தண்ணில குளிப்பாட்டினேன் டாக்டர். அதோட இதையும் ஒரு சொம்பு ஊத்தித் துடைச்சேன். அதனாலயா?” என்று கேட்டார். பின்னாலிருந்து கணவர், “நான் அப்பவே சொன்னேன், குட்டிய விட்டுடுன்னு. கேட்டியா நீ?” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சொல்லவில்லை. “பச்சைக் குட்டி... தண்ணி ஆகாதுதான்...” என்று வாய்க்குள் முனகிக்கொண்டு கை கழுவப் போய்விட்டேன். பழி முழுவதும் அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் இறங்கியது. பேசாமல் காப்பியும் குடித்துவிட்டு வந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மருந்தகத்துக்கு அடுத்த காம்பவுண்டில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. அங்கே ஒரு நர்ஸ். தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவர், வாய் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு பெரிது. மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். நாலைந்து நாள் கழித்து, தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு, உங்களிடம் ஒன்று இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். எப்படிக் கெட்டது என்றார். குட்டி விஷயத்தைப் பாதி சொன்னேன். மீதியை அவரே கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிடுங்கிவிட்டார்.

“அந்தத் தெர்மாமீட்டர எடு” என்றார். எடுத்தேன். தன் அக்குளில் வைத்துக்கொண்டு தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். பாதரசம் ஒழுங்காக ஏறியிருந்தது.

“இது எதுல ஆரம்பிக்குது பாரு. தொண்ணூத்தி நாலு. அதுக்குக் கீழ கோடே கிடையாது. உன் குட்டி அதுக்கும் கீழ இருந்திருக்கு. உன் தெர்மாமீட்டர் நிஜத்தத்தான் சொல்லிச்சு, நீதான் அத ஒதறி ஒதறிப் பாத்துகினு இருந்திருக்க.” டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க வார்டுல சில்லுனு ஒரு கொழந்த வந்தா நாங்க பால் பக்கமே போவமாட்டோம். மொதல்ல அம்மா நெஞ்சுல போட்டுப் போத்தி சூடு ஏத்துவோம். சில்லுனு கெடக்கற வயித்துல பால் செரிக்காது, தொண்டைல முழுங்கவும் தெரியாது. நேரா மூச்சுக் குழாய்க்குத்தான் போவும். படிச்சவதானே நீ?”

படித்தவள்தான். புத்தகத்தில் இருந்ததும் பிறகு தேடினால் கிடைத்தது. பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு விட்டது. அன்றிலிருந்து எந்தப் பிஞ்சு உயிர் கைக்கு வந்தாலும் முதலில் என் சுண்டுவிரல் அதன் வாய்க்குள் போகும். வாய் சில்லென்று இருந்தால் பாலை மறந்துவிடு, சூட்டைப் பார். மருத்துவப் பாடம் அவ்வளவுதான், ஒரு மத்தியானச் சாப்பாட்டில் கற்றுக்கொண்டேன். டீச்சரிடம் போய்ச் சொல்லும் விஷயத்தை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பிறகு மாற்றல் வந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அப்போது எனக்குக் கோவளம் பக்கம் வேலை. கடற்கரைச் சாலையை அகலப்படுத்திய புதிது, வண்டிகளெல்லாம் பறக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு காலை, மருந்தகத்தைத் திறந்து குடையை மடக்குவதற்குள் ஸ்டெல்லா வந்து நின்றாள். மீன் விற்பவள். முந்தானை நுனியைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்திருந்தாள். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“டாக்டரம்மா, ராணி செத்துப்போச்சு. இத மட்டுமாவது காப்பாத்திக் குடு.”

ராணி அவள் வீட்டு நாய். சாதாரணக் குப்பத்து நாய்தான். கரையில் ஏற்றி வைத்த படகுக்குக் கீழே நாலு குட்டி போட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா மீன் கூடையோடு பஸ் பிடிக்க ரோட்டைத் தாண்டியபோது, குட்டிகளை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறது. வேன் ஒன்று அடித்துவிட்டுப் போய்விட்டது. தாயில்லாத நாலு குட்டிகளுக்கும் ஸ்டெல்லாதான் பால் ஊற்றியிருக்கிறாள். முந்தா நாள் ஒன்று, நேற்று இரண்டு போய்விட்டன. முந்தானைக்குள் இருந்தது நாலாவது.

“என் பின்னால வருதுன்னு தெரியும் டாக்டரம்மா. திரும்பி ஒரு சத்தம் போட்டிருந்தா போயிருக்கும். பஸ் வந்துகினு இருந்திச்சு, நான் திரும்பவேயில்ல” என்றாள். அழவில்லை. மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் அவள் இதைக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. ராணி போனதற்கு நான்தான் காரணம், இந்தக் குட்டியும் போனால் நான் மனுஷியே இல்லை என்கிற முகம். அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

குட்டியை வாங்கி வாய்க்குள் சுண்டுவிரலை விட்டேன். மழைத்தண்ணீரில் கையை விட்ட மாதிரி இருந்தது. உறிஞ்சவில்லை. தெர்மாமீட்டர் வைத்தேன். பாதரசம் குமிழை விட்டு நகரவில்லை. இந்த முறை உதறவில்லை.

மருந்தகத்தில் கரண்ட் இல்லை. பல்ப் போட்டுச் சூடு காட்ட வழியில்லை. வெந்நீர் வைக்க அடுப்பும் கிடையாது. “உன் வூடு எங்க?” என்றேன். எனக்கும் அதற்குள் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி என்றாள். குட்டியை அவள் ஈர முந்தானையிலிருந்து எடுத்து, என் ரவிக்கைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துப் புடவையால் போர்த்திக்கொண்டு மழையில் நடந்தேன். நர்ஸ் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். வழியில் நின்றிருந்தவர்கள் டாக்டரம்மாவுக்கு நெஞ்சுவலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஸ்டெல்லாவின் வீட்டில் ஒரே அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. கடல் கொந்தளிப்பில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. அவள் கணவன் அந்தோணியும் இன்னும் நாலைந்து பேரும் உள்ளே சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். குட்டியோடு நான் வந்ததும் சீட்டை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். வேலையில்லாத ஆம்பளைகளுக்கு நடுவில் வைத்தியம் பார்க்கிற கொடுமை உங்களுக்கும் வாய்க்கும், தயாராக இருங்கள்.

காற்றும் மழையும் புகாத ஒரு பெட்டி வேண்டும் என்றேன். அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டி. கழுவித் துடைத்து எடுத்துவரச் சொன்னேன்.

“இன்னா டாக்டரம்மா, குட்டிய வஞ்சிர மீன் கணக்கா ஐஸ் பொட்டில போடப்போறியா?” என்றான் அந்தோணி. எல்லோரும் சிரித்தார்கள்.

“உள்ள இருக்கறத வெளிய விடாத பொட்டிய்யா அது. ஐஸ வெச்சா குளிரக் காக்கும், வெந்நீர் வெச்சா சூட்டக் காக்கும். சின்ன பாட்டில் நாலு வேணும், வெந்நீர் புடிக்க.”

“பாட்டிலுக்கு இன்னா பஞ்சம்? எவ்ளோ வோணும் சொல்லு” என்று எழுந்து போனவன், பத்து குவார்ட்டர் பாட்டிலோடு வந்தான். வீட்டுக்குப் பின்னாலேயே இவ்வளவு இருந்ததா என்று ஸ்டெல்லா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஊற்றி, பாட்டில்களைப் பழைய லுங்கித் துணியில் சுற்றி, நடுவில் குட்டியைக் குப்புறப் படுக்க வைத்தேன். மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். தண்ணீர் ஆறினால் பாட்டிலே குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் அரை மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்தாலும் ஆள் காலி. ஈறில் ஒரு சொட்டு குளுக்கோஸ் தண்ணீர் தடவினேன். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. பாதரசம் தொண்ணூற்றாறைத் தொடுகிற வரைக்கும் ஒரு சொட்டுப் பால் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தேன்.

ஊசி போடுவது, கட்டுப் போடுவது, கையை விட்டுக் கன்றை எடுப்பது எல்லாம் சுலபம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் கஷ்டம். அதுவும் உயிருக்குப் போராடுகிற ஒன்றை, பசியோடு இருக்கிற ஒன்றை, பார்த்துக்கொண்டு உட்காருவது. பத்து மணிக்குப் பெட்டியில் வைத்தேன். பத்தரைக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன், பாதரசம் அசையவில்லை. பதினொன்றுக்கு வைத்தேன், அப்போதும் அசையவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வேறு வந்துவிட்டார்கள். வாசலில் நின்றுகொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள்.

“இன்னாடி இது, டாக்டருன்னு வந்துட்டு பொட்டியப் பாத்து குந்திகினு கீது?”

“வாயில்லா ஜீவன் பட்டினில சாவுது. ஒரு சொட்டு பால ஊத்துனா இன்னா கொறஞ்சிடும்?”

“மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரு. நாய் வைத்தியம் தெரியுமோ இன்னாவோ.”

கடைசியில் சொன்னவள் சொன்னது நிஜம் என்பதால் எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெல்லா மட்டும் பேசாமல் பாட்டிலுக்கு வெந்நீர் மாற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் ஸ்டவ் ஓரத்தில் ஒரு டம்ளரில் பால் சூடாக இருந்ததையும், பக்கத்தில் ஃபில்லர் இருந்ததையும் நான் கவனித்தேன்.

பதினொன்றேகால் இருக்கும். குட்டி வாயைத் திறந்து ஒரு மூச்சை இழுத்தது. பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. பிறகு ஒன்று வந்தது. திருக்கழுக்குன்றத்துக் குட்டியும் இப்படித்தான் இரண்டு முறை இழுத்தது. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? இது பசியாலேயே சாகிறது என்றால்? நர்ஸ் சொன்னது மனுஷக் குழந்தைக்கு மட்டும்தான் என்றால்? எழுந்து போய் அந்தப் பாலை நானே எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நிஜமாகத் தோன்றியது, மறைப்பதற்கில்லை.

ஆனால் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். டம்ளரையும் ஃபில்லரையும் எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டாள்.

“ஸ்டெல்லா, வேணாம்.”

“நீ பேசாத டாக்டரம்மா. செத்தா பால் குடிச்சிட்டு சாவட்டும். பசியோட அனுப்ப மாட்டேன்.”

“இப்ப குடுத்தா செத்துடும். நான் சொல்றேன் கேளு, நான் டாக்டர்.”

“டாக்டருன்னா? நீ இன்னா பண்ண இவ்ளோ நேரம்? குந்தித்தான கீற!”

குட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். மல்லாக்கத் திருப்பிப் பிடித்தாள். அதே பிடி, நான் அன்றைக்குப் பிடித்த அதே பிடி. ஃபில்லர் வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. என் படிப்பும் பதவியும் அந்த அறையில் யாரிடமும் செல்லாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

“நான் ஒரு குட்டிய இப்படித்தான் கொன்னேன்” என்றேன்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். சில்லென்று கிடந்தது, தெர்மாமீட்டர் சொன்னதை நம்பவில்லை, பட்டினி என்று நினைத்து மல்லாக்கப் பிடித்துப் பால் ஊற்றினேன், மூக்கு வழியாக வந்தது, செத்துப்போனது, அந்த வீட்டம்மா குளிப்பாட்டியதால்தான் செத்தது என்று அவங்க தலையிலேயே போட்டுவிட்டு வந்தேன். ஏழு வருடமாக நானாக யாரிடமும் முழுதாகச் சொல்லாததை, முகம்கூடச் சரியாகத் தெரியாத பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன்.

ஸ்டெல்லாவின் கை இறங்கியது. ஃபில்லரைத் தரையில் வைத்தாள். குட்டியைப் பழையபடி குப்புறப் பெட்டியில் வைத்து, லுங்கித் துணியை இழுத்து மூடினாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அப்ப அந்த மூணும்? நான் ஊத்துன பாலாலதான் போச்சா?”

இன்னொரு முறை கை கழுவப் போய்விடலாம். கிணறும் பக்கத்தில்தான் இருந்தது.

“ஆமா ஸ்டெல்லா. அப்படித்தான் இருக்கும். தாய் இல்லாம குளிர்ல கிடந்துச்சுங்க, பால் எறங்கல. ஆனா உனக்கு அது தெரிய வழியில்ல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அவள் தலையாட்டினாள். எழுந்து போய் அடுத்த பாட்டிலுக்கு வெந்நீர் வைத்தாள். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி உள்ளே வந்து, ஆறிய பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் பாலைப் பற்றிப் பேசவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பாதரசம் முதல் கோட்டைத் தொட்டது. தலைமயிர் அளவு. நான் வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை பார்த்தேன். அந்தோணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏறிச்சா? இன்னா, ஏறிச்சா?” என்றான். அதற்குப் பிறகு அவர்களுக்குத் தெர்மாமீட்டரைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. தொண்ணூற்றைந்து என்றதும் அந்தோணி தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னான். பன்னிரண்டரைக்கு மேல் குட்டி முதல்முறையாக முனகியது. கதவு கீச்சிடுவதுபோல் ஒரு சின்னச் சத்தம்தான். ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள்.

ஒரு மணிக்குத் தொண்ணூற்றாறு. வாய்க்குள் சுண்டுவிரலை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பு. நாக்கு மடிந்து விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அதைத்தான் முதலில் வைப்பேன். குட்டியைக் குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கி, ஃபில்லரை ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தேன். “சொட்டுச் சொட்டா. அது உறிஞ்சட்டும், நீ அழுத்தாத” என்றேன். முழு ஃபில்லரும் காலியாவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

நான் கிளம்பும்போது ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அந்த வூட்டம்மாகிட்ட சொல்லிட்டியா டாக்டரம்மா?”

“எந்தம்மா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“குளிப்பாட்டுனவங்க.”

இல்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

பத்து நாள் கழித்துக் குட்டியைக் காட்ட வந்தாள். வயிறு உருண்டையாகி, கண் திறக்க ஆரம்பித்திருந்தது. எடை பார்த்தேன், இரண்டு பங்காகியிருந்தது. அவள் வளையலைக் கடிக்கப் பார்த்தது. மருந்து எதுவும் வேண்டாம், கூட்டிப் போ என்றேன். அவள் போகவில்லை. “இன்னா, போயி பாத்தியா?” என்றாள். மழை, மீட்டிங், கோமாரி தடுப்பூசி என்று இழுத்தேன். “எங்க குப்பத்துல அல்லாருக்கும் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய், பஸ் மாறி, திருக்கழுக்குன்றத்தில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரத்துக்கு நடக்கும்போது, வீடு பூட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். பூட்டியிருக்கவில்லை. டீச்சர்தான் கதவைத் திறந்தார். முடி நரைத்திருந்தது. என்னைத் தெரியவில்லை. சொன்னதும் தெரிந்துகொண்டு, உட்காருங்கள் என்றார். பொமரேனியன் போன வருடம் போய்விட்டதாம். அதற்குப் பிறகு எதுவும் வளர்க்கவில்லை என்றார். உள்ளே கணவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் பேச்சு மாறிவிடும், என்னை எனக்குத் தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். முடித்ததும் டீச்சர் கேட்டார்.

“அப்ப நான் குளிப்பாட்டினது தப்பு இல்லையா?”

“தப்புதான் டீச்சர். சில்லுனு ஆயிடுச்சு. ஆனா சூடு குடுத்திருந்தா பொழைச்சிருக்கும். அது தண்ணியால சாகல. நான் ஊத்தின பாலால செத்துச்சு.”

“அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

“மூக்குல பால் வந்ததப் பாத்தேன். துடைச்சிட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்பக்கம் திரும்பினார். “ஏங்க, பேப்பர வெச்சிட்டு இங்க வாங்க” என்றார். கணவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். யார் என்று புரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏழு வருஷமா வீட்ல எது போனாலும் இவர் அந்த ஒரு சொம்புத் தண்ணியத்தான் சொல்லிக்காட்டுவார்” என்றார் டீச்சர், என்னிடம். “இப்ப சொன்னீங்களே டாக்டர், அத இன்னொரு தடவ சொல்லுங்க. இவர் கேக்கணும்.”

முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. மூக்கில் வந்த பாலைத் துடைத்தது வரைக்கும், ஒன்றையும் விடாமல், இன்னொரு தடவை சொன்னேன்.